இரண்டாம் கட்டம்: நோயைத் தேடும் கணிதமும் எண்ணப்படும் மக்களும்

(அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பண்டிதரின் நினைவில் நடக்கும் கூட்டத்தில் கணிதத்தைப் பற்றிப் பேசுகிறேன் என்று சொன்னபோது அமைப்பாளர்கள் ஒரு நிமிடம் என் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு சரி என்றார்கள். அதற்கு நன்றி. அயோத்திதாசரை நாம் பௌத்த மீட்பர் என்று பேசுகிறோம், 'தமிழன்' இதழை நடத்தியவர் என்று பேசுகிறோம். அவர் தொழிலால் சித்த மருத்துவர் என்பதை வாழ்க்கைக் குறிப்பில் ஒரு வரியாக வாசித்துவிட்டுக் கடந்துவிடுகிறோம். அந்த மருத்துவர்தான் 1881ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது தம் மக்களைத் தமிழர் என்று பதியும்படி கேட்டவர். நாடி பிடித்துப் பார்க்கிற ஒருவருக்குக் கணக்கெடுப்புப் படிவத்தோடு என்ன வேலை? எந்தப் பெயரில் எண்ணப்படுகிறோமோ அந்தப் பெயரில்தான் பள்ளியும் நிலமும் மருந்தும் வரும், அல்லது வராது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. நான் இன்று பேசப்போவது அந்த இடத்தைப் பற்றித்தான். நோயும் எண்ணும் சந்திக்கும் இடம்.

பதினொன்றாம் வகுப்பில் கணிதம் எடுத்த மாணவர்களுக்குச் சேர்ப்பியல் என்ற பாடம் நினைவிருக்கும். வரிசை மாற்றங்கள், சேர்வுகள். பத்துப் பேரில் மூவரை எத்தனை விதமாகத் தேர்ந்தெடுக்கலாம் என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். தேர்வு முடிந்ததும் மறந்தும் இருப்பீர்கள். இதனால் உலகத்தில் யாருக்கு என்ன பயன் என்று வகுப்பில் கேட்ட மாணவரை ஆசிரியர் உட்காரச் சொல்லியிருப்பார். அந்தக் கேள்விக்கு நான் ஒரு பதில் சொல்கிறேன். கணிதத்தின் புகழைப் பாடும் பதிலாக அது இருக்காது.

1943 டிசம்பரில் அமெரிக்காவின் கணிதப் புள்ளியியல் இதழ் ஒன்றில் ராபர்ட் டார்ஃப்மன் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஐந்தே பக்கம். அவர் அப்போது வாஷிங்டனில் விலைக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் வேலை பார்த்த இளம் பொருளியலாளர். இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. படைக்கு அழைக்கப்பட்ட லட்சக்கணக்கான இளைஞர்களிடம் ரத்தம் எடுத்து, சிபிலிஸ் என்னும் மேகநோய் இருக்கிறதா என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். ஆயிரம் பேருக்கு ஆயிரம் சோதனை. பெரும்பாலான சோதனைகளின் விடை 'இல்லை'. இவ்வளவு 'இல்லை'க்கு இவ்வளவு செலவா என்பதுதான் டார்ஃப்மனின் கேள்வி.

அவர் சொன்ன வழி எளிமையானது. நூறு பேர் இருக்கிறார்கள், அதில் ஒருவருக்கு நோய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பத்துப் பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவின் ரத்தத்திலும் கொஞ்சம் கொஞ்சம் எடுத்து ஒன்றாகக் கலந்து சோதியுங்கள். பத்துச் சோதனை ஆகும். ஒன்பது குழுக்களுக்கு 'இல்லை' என்று வரும். அந்தத் தொண்ணூறு பேரும் வீட்டுக்குப் போகலாம். ஒரு குழுவுக்கு 'உண்டு' என்று வரும். அந்தப் பத்துப் பேரை மட்டும் தனித்தனியாகச் சோதியுங்கள். இன்னொரு பத்து. நூறு சோதனைக்குப் பதில் இருபது சோதனையில் நோயாளி கிடைத்துவிட்டார். இதைக் குழுச் சோதனை என்கிறார்கள். இந்த ஐந்து பக்கத்திலிருந்து ஒரு பெரிய ஆய்வுத் துறையே கிளைத்தது. எத்தனை பேரை ஒரு குழுவாக்கலாம், ஒருவரை ஒரே நேரத்தில் பல குழுக்களில் போடலாமா, யார் யாரை எந்தெந்தக் குழுவில் சேர்த்தால் மிகக் குறைந்த சோதனையில் முடியும் என்பதெல்லாம் சேர்ப்பியலின் கேள்விகளாக மாறின.

கட்டுரையின் தலைப்பைத் தமிழில் சொன்னால், 'பெரும் மக்கள்திரளில் பழுதான உறுப்பினர்களைக் கண்டறிதல்'. பழுதானவர்கள்! தொழிற்சாலையில் எரியாத பல்பைப் பொறுக்கவும் இதே கணிதம் உதவும் என்பதால் அந்தச் சொல் வந்தது என்று சமாதானம் சொல்வார்கள். நோயாளியையும் எரியாத பல்பையும் ஒரே சொல்லில் அடக்க முடிந்தது என்பதை மட்டும் குறித்துக்கொண்டு மேலே போவோம்.

அதற்கு முன் இந்த முறையின் நடுவில் இருக்கும் ஒன்றைக் கவனியுங்கள். முதல் கட்டத்தில் ஒருவருக்கு நோய் இருந்தால் பத்துப் பேர் மீதும் சந்தேகம் விழுகிறது. ஒன்பது பேர் எந்தத் தவறும் செய்யாமலே சந்தேகத்துக்கு உள்ளாகிறார்கள். அதனால்தான் இரண்டாம் கட்டம் இருக்கிறது. ஒவ்வொருவரையும் தனியாக, அவரவர் பெயரில் பார்த்து ஒன்பது பேரை விடுவிப்பதற்காக. இரண்டாம் கட்டம் இல்லாவிட்டால் அந்த முறைக்குக் கணிதத்தில் இடமே இல்லை.

இரண்டாம் கட்டம் இல்லாத குழுச் சோதனையை நாம் பார்த்திருக்கிறோம். 1871இல் ஆங்கிலேயர் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம் அதுதான். பின்னர் 1911ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர் முதல் பிரமலைக் கள்ளர் வரை ஊர் ஊராக மக்களை வரிசையில் நிறுத்தி ரேகை வாங்கினார்கள். யாரோ ஒருவர் செய்ததாகச் சொல்லப்பட்ட திருட்டுக்குப் பிறக்கப்போகும் குழந்தையும் பொறுப்பு. தனித்தனியாக விசாரித்து விடுவிக்கும் பேச்சே கிடையாது. சேரியும் அப்படித்தான் நடத்தப்பட்டது. ஊருக்குள் காலரா வந்தால் சேரியிலிருந்து வந்தது என்பார்கள். ஊர்க்குளத்தைச் சோதித்துப் பார்க்க யாரும் போகமாட்டார்கள்.

இப்போது அமெரிக்காவுக்குத் திரும்பலாம். படைக்கு ஆள் எடுக்கும்போது சிபிலிஸ் சோதனையை நடத்திய அமைப்புகளில் ஒன்று அமெரிக்கப் பொதுச் சுகாதாரப் பணித்துறை. டார்ஃப்மன் தம் கட்டுரையிலேயே அந்தத் துறையைக் குறிப்பிடுகிறார். அதே துறை, அதே நோயை வைத்து, அதே ஆண்டுகளில் அலபாமா மாநிலத்தின் மாகன் கவுண்டியில் வேறொரு வேலையும் செய்துகொண்டிருந்தது.

மாகன் கவுண்டி பருத்தி விளையும் பூமி. அங்கே கறுப்பின மக்கள் குத்தகைக்கு உழுதார்கள், கடனில் வாழ்ந்தார்கள். 1930ஐ ஒட்டி ரோசன்வால்ட் அறக்கட்டளையின் உதவியோடு அங்கே ரத்தச் சோதனை நடத்தியபோது, சோதிக்கப்பட்டவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் சிபிலிஸ் இருப்பது தெரிந்தது. சிகிச்சையும் தொடங்கினார்கள். பொருளாதார மந்தம் வந்தது, பணம் நின்றது, சிகிச்சையும் நின்றது. அப்போது பொதுச் சுகாதாரத் துறைக்காரர்களுக்கு ஒரு யோசனை தோன்றியது. மருந்து கொடுக்கத்தான் பணமில்லை, மருந்து கொடுக்காவிட்டால் என்ன ஆகிறது என்று பார்க்கலாமே!

1932இல் அது தொடங்கியது. சுமார் 600 கறுப்பின ஆண்கள். அவர்களில் 399 பேருக்கு நோய் இருந்தது, 201 பேருக்கு இல்லை. நோய் இருந்தவர்களிடம் உனக்குச் சிபிலிஸ் என்று சொல்லவில்லை. 'கெட்ட ரத்தம்' என்றார்கள். முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுப்பதை இலவசச் சிறப்புச் சிகிச்சை என்று கடிதம் போட்டு அழைத்தார்கள். ஒருவேளை உணவு, மருத்துவமனைக்கு வண்டி, செத்தால் அடக்கச் செலவு. அடக்கச் செலவு ஏன் தெரியுமா? உடலை அறுத்துப் பார்க்க அனுமதி வேண்டும். வாழும்போது மருந்துக்கு இல்லாத பணம் சாவுக்கு இருந்தது.

இந்தக் கொடுமையை நாம் பல இடங்களில் கேட்டிருக்கிறோம். 'டஸ்கிகி ஆய்வு' என்ற பெயரில் மருத்துவ அறவியல் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. நான் கேட்பது அந்த 1943ஆம் ஆண்டைப் பற்றி. அந்த ஆண்டில்தான் பொதுச் சுகாதாரத் துறையைச் சேர்ந்த மருத்துவர் ஜான் மஹோனி, பென்சிலின் சிபிலிஸைக் குணப்படுத்துகிறது என்று நான்கு நோயாளிகளிடம் காட்டினார். அந்த ஆண்டில்தான் டார்ஃப்மனின் கட்டுரை வந்தது. நோயைக் கண்டுபிடிக்கச் சிக்கனமான கணிதமும் நோயைத் தீர்க்கும் மருந்தும் ஒரே ஆண்டில் ஒரே நாட்டில் வந்துவிட்டன. மாகன் கவுண்டி மனிதர்களுக்கு இரண்டாலும் பயனில்லை. போருக்கு ஆள் எடுக்கும் வாரியம் அவர்களில் சிலரைச் சோதித்து, சிகிச்சை எடுத்துக்கொண்டு வா என்று உத்தரவிட்டது. ஆய்வை நடத்தியவர்கள் அந்த வாரியத்திடம் ஒரு பெயர்ப்பட்டியலைக் கொடுத்து, இவர்களுக்குச் சிகிச்சை வேண்டாம் என்று தடுத்தார்கள். சோதனை அவர்களைச் சரியாகக் கண்டுபிடித்தது. கண்டுபிடித்தவர்களைச் சாக விட வேண்டும் என்று இன்னொரு மேசையில் முடிவாகியிருந்தது.

பென்சிலின் 1940களின் இறுதிக்குள் எல்லா இடத்திலும் வழக்கமான சிகிச்சையாகிவிட்டது. ஆய்வு அதற்குப் பிறகும் இருபது ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. ரகசியமாக ஒன்றும் நடக்கவில்லை. மருத்துவ இதழ்களில் கட்டுரைகள் வந்தன. உலகம் முழுக்க மருத்துவர்கள் வாசித்தார்கள். பீட்டர் பக்ஸ்டன் என்ற அத்துறை ஊழியர் ஒருவர் 1966 முதல் எதிர்ப்புத் தெரிவித்து, கேட்பாரில்லாமல் கடைசியில் பத்திரிகையாளரிடம் போனார். 1972 ஜூலை 25 அன்று ஜீன் ஹெல்லர் எழுதிய செய்தி வெளியானது. அதன் பிறகுதான் நின்றது. குடியரசுத் தலைவர் கிளிண்டன் மன்னிப்புக் கேட்டது 1997இல்.

இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன். மாகன் கவுண்டியில் டார்ஃப்மனின் முறையைப் பயன்படுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நூற்றுக்கு 36 பேருக்கு நோய் என்று வைத்துக்கொள்வோம். மூவர் மூவராகச் சேர்த்துச் சோதித்தால், ஒரு குழுவில் மூவருமே நோயில்லாதவர்களாக இருக்கும் வாய்ப்பு 0.64ஐ மூன்று முறை பெருக்கினால் வருவது, அதாவது நூற்றுக்கு 26. மீதி 74 விழுக்காடு குழுக்களில் எல்லோரையும் மறுபடி சோதிக்க வேண்டும். கூட்டிப் பாருங்கள், நூறு பேருக்கு 107 சோதனை. தனித்தனியாகச் சோதித்திருந்தால் நூறு போதும். குழுவை எப்படி மாற்றி அமைத்தாலும் அங்கே நூறுக்குக் கீழே வராது. இந்தக் கணிதத்தின் சிக்கனம் முழுவதும் நோய் அரிதாக இருக்கும் இடத்தில்தான். நோய் அடர்ந்திருக்கும் இடத்தில் அது கையை விரித்துவிடும்.

இதைக் கணிதத்தின் குறை என்று நான் சொல்லவில்லை. கணிதம் நேர்மையாகத் தன் எல்லையைச் சொல்கிறது. அந்த எல்லையை வாசிக்கத் தெரியாதவர்கள், வாசிக்க விரும்பாதவர்கள் கையில் அது போகும்போதுதான் சிக்கல்.

டார்ஃப்மனின் யோசனை படைச் சோதனையில் நடைமுறைக்கு வரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எட்டு ஒன்பது பேர் ரத்தத்தைக் கலந்தால், ஒருவருடைய நோய் மற்றவர்களின் ரத்தத்தில் நீர்த்துப்போய், அன்றிருந்த சோதனைக்குத் தட்டுப்படவில்லை. அந்தக் காகிதக் கணக்கு எய்ட்ஸ் காலத்தில் ரத்த வங்கிகளுக்கும், பிறகு கொரோனா காலத்தில் உலகத்துக்கே பயன்பட்டது.

கொரோனா காலக் கதையில் ஒரு பாதிரியார் வருகிறார். தாமஸ் கிர்க்மன், இங்கிலாந்தின் லங்காஷயர்ப் பகுதியில் ஒரு சிறிய தேவாலயத்தில் ஊழியம் செய்தவர். 1850இல் அவர் ஒரு புதிர் போட்டார். ஒரு பள்ளியில் 15 மாணவிகள். தினமும் மூவர் மூவராக ஐந்து வரிசையில் நடந்து போகிறார்கள். ஏழு நாளில் எந்த இரண்டு பேரும் ஒரு முறைக்கு மேல் ஒரே வரிசையில் வரக்கூடாது. எப்படி நிறுத்துவது? முடியும். ஏழு நாளும் சேர்ந்து 35 மூவர் குழுக்கள். ஒவ்வொரு மாணவியும் மற்ற 14 பேரோடும் சரியாக ஒரு முறை நடந்திருப்பாள். நம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இந்தப் புதிரைப் போட்டால் கணிதத்துக்கு முன்னால் வேறு பல தடைகள் வரும், அதை விடுங்கள். இதன் அடிப்படையான கணிதத்தை 1847லேயே கிர்க்மன் எழுதிவிட்டார். ஆறு ஆண்டு கழித்து அதே கேள்வியைக் கேட்ட புகழ்பெற்ற பேராசிரியர் ஸ்டெய்னரின் பெயரைத்தான் அந்த அமைப்புக்கு வைத்தார்கள். சிற்றூர்ப் பாதிரியாரின் பெயர் பெண்பிள்ளைகள் புதிரோடு நின்றுபோனது.

இப்போது மாணவிகளுக்குப் பதிலாக 15 சோதனைக் குப்பிகளை நினைத்துக்கொள்ளுங்கள். 35 மூவர் குழுக்களுக்குப் பதிலாக 35 மனிதர்கள். ஒவ்வொருவரிடமும் எடுத்த மாதிரியை மூன்றாகப் பிரித்து, அவருக்குரிய மூன்று குப்பிகளில் ஊற்றுங்கள். எந்த இரண்டு மனிதருக்கும் ஒரு குப்பிக்கு மேல் பொதுவாக இருக்காது. புதிரின் நிபந்தனையே அதுதானே. 35 பேரில் இரண்டு பேருக்கு நோய் என்றால், நோயில்லாத ஒருவரின் மூன்று குப்பிகளில் அந்த இரண்டு நோயாளிகளும் சேர்ந்து அதிகபட்சம் இரண்டைத்தான் கெடுக்க முடியும். மூன்றாவது குப்பி சுத்தமாக இருந்து அவரை விடுவித்துவிடும். ஆக 35 பேருக்கு 15 சோதனை, ஒரே சுற்று. மும்பை ஐஐடி ஆய்வாளர்கள் பங்கெடுத்து 2020இல் உருவாக்கிய 'டேப்பஸ்ட்ரி' என்ற முறை கிர்க்மனின் இந்த அமைப்பைத்தான் பெரிதாக்கிப் பயன்படுத்தியது. 170 ஆண்டுக்கு முந்தைய புதிர் ஒன்று தொற்றுநோய்ச் சோதனைச்சாலைக்குள் வந்து உட்கார்ந்தது. எனக்கு இதில் மகிழ்ச்சி உண்டு, மறைக்கவில்லை. மாணவர்கள் வீட்டுக்குப் போய் 7 குப்பிகள், 7 மனிதர்களை வைத்து இதைத் தாளில் வரைந்து பாருங்கள். அரை மணி நேரத்தில் வந்துவிடும்.

அந்த ஏப்ரலில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் குழுச் சோதனைக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. தொற்று 2 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும் பகுதிகளில் ஐந்து மாதிரிகள் வரை கலக்கலாம், 5 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும் இடங்களில் கலக்கக்கூடாது என்றது. கணிதப்படி சரியான விதி. ஆனால் 'பகுதி' என்பது எது? மாவட்டமா, வட்டாரமா, தெருவா? விதி எழுதியவருக்கு அது சின்னக் கேள்வி. சேரியில் பிறந்தவருக்கு அது பெரிய கேள்வி.

ஒரு மாவட்டத்தில் சராசரித் தொற்று 2 விழுக்காடு என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். அந்த அளவுக்கு எட்டு எட்டுப் பேராகச் சேர்ப்பது சிக்கனம். நூறு பேருக்கு 27 சோதனை போதும். அதிகாரி அதற்கேற்ப 27 சோதனைக்கான பொருளை வாங்கி வைக்கிறார். அந்த மாவட்டத்துக்குள் ஒரு தூய்மைப் பணியாளர் குடியிருப்பு இருக்கிறது. ஒரே அறையில் ஆறு பேர், ஒரே குழாய், முகக்கவசம் இல்லாமல் மருத்துவமனைக் குப்பையை அள்ளப் போனவர்கள். அங்கே தொற்று 20 விழுக்காடு. அதே எட்டுப் பேர் முறையில் அங்கே நூறு பேருக்கு 96 சோதனை வேண்டும். வாங்கி வைத்த 27 எப்போதோ தீர்ந்திருக்கும். அதன்பின் அங்கே நடப்பது என்ன? தெரு முனையில் தகரம் அடித்து, மொத்தத் தெருவையும் அடைத்துவிடுவார்கள். முதல் கட்டம் முடிந்தது, இரண்டாம் கட்டத்துக்குச் சோதனைப் பொருள் இல்லை. சராசரி என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் யாருடைய சராசரி என்று நாம் கேட்க வேண்டியது இதனால்தான்.

தமிழ்நாட்டின் தினசரிக் கொரோனா அறிக்கையில் மாவட்டம் இருந்தது. வயதும் பாலும் இருந்தன. இறந்தவருக்குச் சர்க்கரை நோய் இருந்ததா என்பதும் இருந்தது. சாதி இல்லை. அமெரிக்காவில் இனவாரியாக எண்ணிக்கை வேண்டும் என்று கறுப்பின அமைப்புகள் கேட்டுப் போராடிப் பெற்றன. நம்மிடம் கேட்க எண்ணே இல்லை. மருத்துவமனைச் சீட்டில் சாதி எழுத வேண்டுமா, அது மேலும் ஒதுக்குதலுக்கு வழிவகுக்காதா என்று தோழர்கள் கேட்பார்கள். அந்த அச்சம் நியாயமானது. நோயாளியின் தலைமாட்டில் தொங்கும் அட்டையில் சாதி வேண்டாம். ஆனால் பெயர் நீக்கிய, தொகுக்கப்பட்ட கணக்கில் சாதி வேண்டும் என்பது என் கருத்து. சாதி தெரியாமல்தான் பாகுபாடு நடக்கிறது என்றால் மறைக்கலாம். வார்டுக்கு வெளியே நிறுத்துபவருக்குச் சாதி தெரிந்துதான் நிறுத்துகிறார். கணக்குக்கு மட்டும் தெரிவதில்லை.

எண்ணைக் கையில் எடுத்தால் சரியாகவும் எடுக்க வேண்டும். ஐ.நா. பெண்கள் அமைப்பின் 2018ஆம் ஆண்டு அறிக்கையில் ஓர் எண் இருக்கிறது. இந்தியாவில் தலித் பெண்கள் இறக்கும் சராசரி வயது, உயர்சாதிப் பெண்களுடையதைவிட 14.6 ஆண்டு குறைவு. 39.5, 54.1. இதை மேடைகளில் 'தலித் பெண்ணின் ஆயுட்காலம் 39 ஆண்டு' என்று பலர் சொல்கிறார்கள். அது ஆயுட்காலம் அல்ல. இறந்தவர்களின் வயதைக் கூட்டி வகுத்த சராசரி. இளையோரும் குழந்தைகளும் அதிகம் உள்ள சமூகத்தில் அந்தச் சராசரி இயல்பாகவே கொஞ்சம் கீழே வரும். இடைவெளி உண்மை, கொடியது. ஆனால் தவறான பெயரில் அதைச் சொன்னால், எதிரே உட்கார்ந்திருக்கும் ஒருவர் அந்தப் பிழையைப் பிடித்துக்கொண்டு உண்மையையும் சேர்த்துத் தள்ளிவிடுவார். அந்த வாய்ப்பை நாம் அவருக்குக் கொடுக்க வேண்டாம்.

இதை முன்பே செய்து காட்டியவர்கள் இருக்கிறார்கள். 1896இல் ஃபிரடெரிக் ஹாஃப்மன் என்ற புள்ளியியலாளர் ஒரு தடித்த புத்தகம் எழுதினார். புருடென்ஷியல் என்ற காப்பீட்டு நிறுவனத்தின் ஊழியர். கறுப்பின மக்கள் காசநோயிலும் மற்ற நோய்களிலும் அதிகம் சாகிறார்கள், அதற்குக் காரணம் அவர்களின் இன இயல்பு, அவர்கள் அழிந்துபோவார்கள் என்று அட்டவணை மேல் அட்டவணையாக நிறுவினார். அந்த நிறுவனம் அதற்கு முன்பே, 1881இல், கறுப்பினத்தவருக்கு ஒரே தவணைத் தொகைக்கு மூன்றில் ஒரு பங்கு குறைந்த காப்பீடு தந்துகொண்டிருந்தது. புத்தகம் அதற்கு நல்ல சான்றிதழாக அமைந்தது.

அதற்கு முதலில் பதில் சொன்னவர்களில் ஒருவர் கெல்லி மில்லர். அடிமையாக இருந்த தாயின் மகன். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கணித உயர்கல்விக்குச் சேர்ந்த முதல் கறுப்பின மாணவர். கட்டணத்தை உயர்த்தியதால் பட்டம் முடிக்க முடியாமல் வெளியேறியவர். பிறகு ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர் ஆனார். கட்டணம் கட்ட முடியாமல் வெளியேறிய கணித மாணவர் என்றதும் உங்களில் சிலர் நிமிர்ந்து உட்கார்வது எனக்குத் தெரிகிறது. 1897இல் அவர் ஹாஃப்மனின் எண்களை எடுத்து, அவை வந்த கணக்கெடுப்பே நம்பத்தக்கதா என்று கேட்டார். சாவுக்குக் காரணம் இனமா வாழும் நிலையா என்று பிரித்துப் பார்க்கச் சொன்னார். அதே ஆண்டில் டு பாய்ஸும் எழுதினார். இதே அளவு இறப்பு ஐரோப்பாவின் வெள்ளையர் நகரங்கள் சிலவற்றிலும் இருக்கிறதே, அவர்களும் இன இயல்பால் அழியப் போகிறார்களா என்பது அவர் வாதம். பின்னாளில், 1946இல், அம்பேத்கர் கடிதம் எழுதியது இந்த டு பாய்ஸுக்குத்தான். ஐ.நா. அவைக்குக் கறுப்பின மக்கள் கொடுத்த மனுவின் நகலைக் கேட்டார்.

அந்தக் கதையில் நமக்குச் சங்கடமான ஒரு பகுதியும் உண்டு. அலபாமா ஆய்வு நடந்தது கறுப்பின மக்களின் கல்வி நிறுவனமான டஸ்கிகியின் துணையோடு. அந்த மனிதர்களை வீடு வீடாகப் போய் அன்போடு அழைத்து வந்த செவிலியர் யூனிஸ் ரிவர்ஸ் கறுப்பினப் பெண். அவர் மேல் கல்லெறிவது எளிது. அவருக்கு மேலே இருந்த மருத்துவர்களில் பலர் வெள்ளையர்கள், கேள்வி கேட்டிருந்தால் வேலை போயிருக்கும். ஆனாலும் நம்மில் ஒருவர் அந்த மேசையில் இருக்கிறார் என்பதை மட்டும் வைத்து நாம் நிம்மதியாக இருக்க முடியாது. அவர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்? மேலே இருப்பவருக்கா, தெருவில் இருப்பவருக்கா?

ஆய்வு அம்பலமான 1972இல்தான் மும்பையில் தலித் பேந்தர்கள் உருவானார்கள். பெயரை எங்கிருந்து எடுத்தார்கள் என்பது இந்த அவைக்குத் தெரியும். அமெரிக்கப் பேந்தர்கள் என்றதும் துப்பாக்கியும் கறுப்புத் தொப்பியும் நினைவுக்கு வருகின்றன. அவர்கள் இலவச மருத்துவ நிலையங்களை நடத்தினார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1971இல் அவர்கள் அரிவாள் செல் ரத்தச்சோகைக்குச் சோதனை இயக்கம் தொடங்கினார்கள். அரசு கண்டுகொள்ளாத நோய் அது. பேந்தர்களே விரல் நுனியில் ஊசி குத்திச் சோதித்தார்கள், விடையை அவரவரிடமே சொன்னார்கள்.

அதே நோய் நம் நீலகிரியில் ஆதிவாசி மக்களிடம் இருக்கிறது. 2023 ஜூலையில் ஒன்றிய அரசு அரிவாள் செல் ஒழிப்பு இயக்கத்தைத் தொடங்கி, பழங்குடிப் பகுதிகளில் 7 கோடிப் பேரைச் சோதிப்பது என்று இலக்கு வைத்தது. சோதித்தவர்களுக்கு அட்டை கொடுக்கிறார்கள். எத்தனை பேரைச் சோதித்தோம் என்ற எண் ஒவ்வொரு கூட்டத்திலும் வாசிக்கப்படுகிறது. கூடலூரில் ஆதிவாசி மக்களுக்காக 1990 முதல் இயங்கும் மருத்துவமனை இருக்கிறது. ஆதிவாசிப் பெண்களே அங்கே பயிற்சி பெற்றுச் செவிலியர்களாக வேலை செய்கிறார்கள். நிர்வாகத்திலும் அம்மக்களுக்கு இடம் உண்டு. சோதனை முடிந்ததும் அந்தச் செவிலியர் அதே ஊருக்குத்தான் திரும்பிப் போக வேண்டும். மாத்திரை கிடைக்காதவர் மறுநாள் காலையில் அவர் வாசலுக்கு வந்து நிற்பார்.

இங்கே வந்திருக்கும் மாணவர்களில் சமூகப்பணி, புள்ளியியல், கணிதம் படிப்பவர்கள் பலர் இருக்கிறீர்கள். ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருப்பீர்கள். இந்த நோய்க்கு ஹைட்ராக்சியூரியா என்ற மாத்திரை இருக்கிறது, விலையும் பெரிதில்லை. உங்கள் மாவட்டத்தில் எத்தனை பேரிடம் அட்டை இருக்கிறது, எந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்த மாத்திரை இருக்கிறது, எத்தனை நாளுக்கான இருப்பு, கடைசியாக யார் எப்போது வாங்கிப் போனார் என்று விசாரித்து எழுதுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் முதல் எண் உடனே வரும். மற்ற மூன்றுக்கும் நீங்கள் நேரில் போக வேண்டியிருக்கும். போய் வந்தவர்கள் இந்த அமைப்பாளர்களிடம் சொல்லுங்கள், அடுத்த கூட்டத்தில் அவர்களே பேசட்டும்.

கேள்விகளுக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். நான் உட்காருகிறேன். ஜெய்பீம்.